ஷாஃப்ட்டைத் தேய்க்காதீர்கள்

எஃகு ஷாஃப்ட்டின் மேல் பிளாஸ்டிக் புஷ் ஓடுகிற மெஷின் எதுவானாலும் சரி, அந்த ஷாஃப்ட்டில் எமரி பேப்பர் போடாதீர்கள். துடைக்க வேண்டுமென்றால் உலர்ந்த பருத்தித் துணி போதும். இதை மட்டும் கேட்டிருந்தால் ஒரு கம்பெனியின் நல்ல ஷாஃப்ட்கள் பழைய இரும்புக்குப் போயிருக்காது. எனக்கு வர வேண்டிய பணமும் வந்திருக்கும்.

ஆதம்பாக்கத்தில் சின்னப் பட்டறை எனக்கு. ஒரு லேத், ஒரு பழைய மில்லிங் மெஷின், ஒரு டிரில். நைலான், அசிடால், டெஃப்ளான் ராடுகளைக் கடைந்து புஷ், ரோலர், வேர் ஸ்ட்ரிப் செய்து கொடுக்கிறேன். கிண்டி தொழிற்பேட்டை 1958இல் வந்த நாள் முதல் அங்கே பெரிய பட்டறைகள் எடுக்காத சில்லறை வேலைகள் ரயில் பாதையைத் தாண்டி எங்கள் பக்கம் வருவது வழக்கம். இதைப் படிக்கிற நீங்களும் என்னைப்போல ஒரு லேத்தும் ஒரு உதவியாளும் வைத்துக்கொண்டு, வாசலில் டூவீலரை நிறுத்த இடமில்லாமல் தொழில் செய்கிறவர்தான் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

அந்தக் கம்பெனி மசாலாப் பொடி பாக்கெட் போடுகிற கம்பெனி. பவுச்சை அழுத்தி ஒட்டும் ஜா, இரண்டு ஷாஃப்ட்களின் மேல் முன்னும் பின்னும் ஓடும். நாள் முழுக்க ஓய்வில்லாத ஓட்டம். முன்பு அதில் வெண்கலப் புஷ் இருந்தது. வெண்கலத்துக்கு எண்ணெய் விட வேண்டும். விட்ட எண்ணெய் சொட்டும். காற்றில் பறக்கிற மிளகாய்ப் பொடி அதில் ஒட்டிச் சகதியாகும். எண்ணெயே கேட்காத புஷ் வேண்டுமென்று தேடித்தான் என்னிடம் வந்தார்கள். டெஃப்ளான் நார் கலந்த அசிடால் ராடில் கடைந்து கொடுத்தேன். பழுப்பு நிறத்தில் இருக்கும் அது. விலை வெள்ளை அசிடாலைப்போல இரண்டு மூன்று பங்கு. அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான சரக்கு கிடையாது என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

ஷாஃப்ட் சாதாரண இஎன்8, கிரைண்டிங் முடித்தது. ஹார்டு குரோம் போட்டுக்கொள்ளுங்கள் என்று கொட்டேஷனிலேயே எழுதினேன். செலவு என்று அந்த வரியை அடித்துவிட்டார்கள். பரவாயில்லை, குரோம் இல்லாமலும் ஓடும்.

ஓடியது. கொஞ்ச நாள் கழித்து அவர்களுடைய மெயின்டனன்ஸ் பொறுப்பாளர் போன் செய்தார்.

"சார், உங்க புஷ் கறுப்பா கக்குது. பாக்கெட் மேல விழுது."

"பழுப்பு புஷ் எப்படி சார் கறுப்பா கக்கும்?"

"அதைத்தான் நாங்க உங்களைக் கேக்கிறோம்."

புது செட் கடைந்து கொடுத்தேன். அதுவும் கறுப்பாகக் கக்கியது. ஜா வெட்டி வெட்டி ஓடுகிறது, கிரீச்சென்று சத்தம் வருகிறது என்றார்கள். ராடு மட்டம், ஸ்கிராப்பை உருக்கி ஊற்றின ராடு என்று சொல்லிப் பழைய பில்லையும் சேர்த்து நிறுத்தினார்கள். நான் டெஸ்ட் சர்டிபிகேட்டோடு ராடு வாங்கி, அதன் காப்பியையும் இணைத்து மறுபடி கொடுத்தேன். அப்போதும் அதே கதை. வாங்கின ராடின் பில்லை நான் ரொக்கமாகக் கட்டினேன் என்பதை அவர்கள் யாரும் யோசிக்கவில்லை.

நேரில் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அன்று சனிக்கிழமை. வாராந்திரக் கிளீனிங். ஒரு பையன் எமரி பேப்பரை நீளமாகக் கிழித்து ஷாஃப்ட்டைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் பிடித்து மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தான். அது முடிந்ததும் தின்னரில் முக்கிய துணியால் ஒரு துடைப்பு. கடைசியாகக் கையில் கிரீஸை அள்ளி ஷாஃப்ட் முழுக்கப் பூசினான். பொறுப்பாளர் பக்கத்தில் நின்று, "எவ்ளோ சுத்தமா மெயின்டெயின் பண்றோம் பாருங்க சார். உங்க புஷ்தான் சரியில்ல" என்றார்.

பிளாஸ்டிக் எஃகின் மேல் ஓட ஆரம்பித்ததும் முதலில் தன்னில் கொஞ்சத்தை உரித்து எஃகின் மேல் பூசும். எஃகு கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் அதில் மைக்ரான் கணக்கில் மேடும் பள்ளமும் இருக்கின்றன. உரிந்த பிளாஸ்டிக் அந்தப் பள்ளங்களில் போய் உட்கார்ந்து, மெல்லிய படலமாகப் பரவுகிறது. அதன்பிறகு புஷ் எஃகின் மேல் ஓடுவதில்லை. தன்னுடைய படலத்தின் மேலேயே ஓடுகிறது. அப்போதுதான் உராய்வு குறையும், தேய்மானமும் ஏறக்குறைய நின்றுவிடும். டெஃப்ளானில் இந்தக் குணம் மிகவும் அதிகம். கேம்பிரிட்ஜில் பூலி, டேபர் என்ற இருவர் 1972இல் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். டெஃப்ளானின் மூலக்கூறு பக்கக் கிளைகள் இல்லாமல் வழவழப்பான நீளச் சங்கிலியாக இருப்பதால், அது எளிதில் இழுபட்டு மிக மெல்லிய படலமாக எஃகில் படிகிறது என்பது அவர்கள் கண்டது. கிண்டியில் சிப்பெட் என்ற பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்த என் அண்ணன் மகன் எனக்கு இதை விளக்கினான். அதற்கு முன்பே கை அனுபவத்தில் எனக்கு இது தெரியும். பெயர் மட்டும்தான் தெரியாது.

பழகின தோசைக்கல்லைச் சோப்பும் நாரும் போட்டு வெள்ளையாகத் தேய்த்துவிட்டு, மறுநாள் தோசை ஒட்டுகிறது என்று மாவைக் குறை சொன்னால் எப்படி இருக்கும்? அந்தக் கம்பெனியில் ஒவ்வொரு சனிக்கிழமையும் நடந்தது அதுதான். வாரம் முழுக்க ஓடி புஷ் தன்னைக் கொஞ்சம் உரித்துப் படலம் போடும். சனிக்கிழமை பையன் அதைச் சுரண்டி எடுப்பான். திங்கட்கிழமை புஷ் மறுபடி தன்னை உரித்துப் போட வேண்டும். இப்படி வாராவாரம் உரிந்தால் எந்த புஷ் தாங்கும்?

படலம் போவதோடு நின்றிருந்தால்கூட புஷ் மட்டும்தான் தேய்ந்திருக்கும். எமரி செய்கிற பெரிய கேடு வேறு. எமரித் தாளில் இருப்பது அலுமினா மணல், எஃகைவிடக் கடினம். தேய்க்கும்போது உதிர்கிற மணல் ஷாஃப்ட்டில் தங்காது. மெதுவாக இருக்கிற புஷ்ஷின் உள் சுவரில் போய்ப் பதிந்துகொள்ளும். பதிந்த பிறகு அந்த புஷ், புஷ் இல்லை, அரம். முன்னும் பின்னும் ஓடும் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஷாஃப்ட்டை அறுக்கும். மெதுவான பொருள் கடினமான பொருளைத் தின்பது நம்ப முடியாததாகத் தோன்றலாம். ஆனால் லேப்பிங் வேலை செய்தவர்களுக்கு இது தினசரிப் பழக்கம். மெதுவான வார்ப்பிரும்புத் தட்டில் மணலைப் பதித்து அதை வைத்துக் கடினமான எஃகைத் தேய்ப்பதுதான் லேப்பிங். அவர்கள் தெரியாமல் ஒரு லேப்பிங் மெஷினைச் செய்து அதில் மசாலா பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று, கோடு போகிற திசை. எமரியைச் சுற்றிப் போட்டு இழுத்தால் கோடுகள் ஷாஃப்ட்டைச் சுற்றி வட்டமாக விழும். புஷ் ஓடுவதோ நீளவாக்கில். ஒவ்வொரு கோட்டின் விளிம்பும் புஷ்ஷுக்குக் குறுக்கே நிற்கிற பல். பளபளவென்று தெரிவதால் வழவழப்பு என்று அர்த்தமில்லை.

கறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை அங்கேயே காட்டினேன். புஷ் ஓரத்தில் திரண்டிருந்த கறுப்புப் பொடியை ஸ்பிரிட்டில் கழுவி, கிரீஸைப் போக்கி, வெள்ளைக் காகிதத்தில் உலர்த்தினேன். காகிதத்துக்கு அடியில் ஒரு காந்தத்தை நகர்த்தினேன். பொடி எழுந்து நின்று காந்தம் போகிற பக்கம் போயிற்று. பிளாஸ்டிக் காந்தத்துக்கு நகராது. அது அவர்களுடைய ஷாஃப்ட், எமரி மணலில் அறுபட்டு கிரீஸில் குழைந்த இரும்பு.

"அப்படியெல்லாம் எங்க ஷாஃப்ட் தேயாது சார்" என்றார் பொறுப்பாளர். மைக்ரோமீட்டரை எடுத்து, புஷ் ஓடுகிற இடத்தையும் ஓடாத முனையையும் அளந்து காட்டினேன். ஓடுகிற இடம் தெளிவாகச் சிறுத்திருந்தது. அவர் மைக்ரோமீட்டரைத் திருப்பிக் கொடுத்தார். பில் பற்றி அக்கவுண்ட்ஸில் பேசிக்கொள்ளுங்கள் என்றார். அக்கவுண்ட்ஸில், மெயின்டனன்ஸ் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை. இப்போது அவர்கள் மறுபடி வெண்கலத்துக்கே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். பிளாஸ்டிக் புஷ் தாங்காது என்று வெளியே சொல்கிறார்களாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பிளாஸ்டிக் புஷ் தாங்கும்.

ஷாஃப்ட்டின் மேல் படிந்திருப்பது எல்லாம் அழுக்கு இல்லை. உலர்ந்த வெள்ளைத் துணியை வைத்து லேசாகத் துடையுங்கள். துணியில் ஒன்றும் வராமல், எஃகின் மேல் மங்கலான பூச்சு மட்டும் தெரிந்தால் அது படலம். அதை விட்டுவிடுங்கள். துணியில் கறுப்பாகவோ பொடியாகவோ பிசினாகவோ வந்தால் அது கசடு. அதை எடுக்க வேண்டும், உலர்ந்த துணியால். பிசின் வராவிட்டால் ஸ்பிரிட் தொட்ட துணியால் அந்த இடத்தை மட்டும். புது புஷ் போட்டதும் முதல் சில நாள் கொஞ்சம் பொடி உதிரத்தான் செய்யும். படலம் போடுகிற வேலை நடக்கிறது என்று அர்த்தம். அந்தப் பொடி புஷ்ஷின் நிறத்திலேயே இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து போன் செய்ய வேண்டாம். கறுப்பாக இருந்தால் செய்யுங்கள்.

ஷாஃப்ட் ஏற்கெனவே கோடு விழுந்து கிடந்தால் புஷ்ஷை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஷாஃப்ட்டைக் கழற்றி சிலிண்டிரிக்கல் கிரைண்டிங்குக்குக் கொடுங்கள். ஃபினிஷ் ஆர்ஏ 0.2 முதல் 0.4 மைக்ரானுக்குள் வேண்டுமென்று எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள். அதைவிடச் சொரசொரப்பானால் அறுக்கும். அதைவிட வழவழப்பானாலும் தொல்லைதான். பஃபிங் போட்டுக் கண்ணாடிபோல ஆக்கினால் படலம் பிடித்துக்கொள்ளப் பள்ளமே இருக்காது. பிளாஸ்டிக் எஃகோடு அப்பிக்கொண்டு உராய்வு கூடும், ஜா வெட்டும். முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் வேண்டுமென்று கேட்கிற வாடிக்கையாளர்களிடம் நான் வாதாடி அலுத்துவிட்டேன். முடிந்தால் ஹார்டு குரோம். எஃகு கடினமாக இருக்க இருக்க பிளாஸ்டிக்குக்கு நல்லது. பச்சை அலுமினியத்தின் மேல் ஓட விடாதீர்கள். அது மெதுவானது, அதன் மேலுள்ள ஆக்சைடு உதிர்ந்து அதே எமரி வேலையைச் செய்யும். அலுமினியம்தான் வேண்டுமென்றால் ஹார்டு அனோடைஸ் செய்ததாக இருக்கட்டும். கண்ணாடி நார் கலந்த நைலானை மெதுவான எஃகின் மேல் போடவே போடாதீர்கள். பலம் என்று விற்பார்கள். பலம்தான், ஷாஃப்ட்டை அறுக்கிற பலம்.

கிரீஸ் பற்றி. தூசியோ பொடியோ பறக்கிற இடத்தில் இந்த மாதிரி புஷ்ஷுக்குக் கிரீஸ் வேண்டாம். கிரீஸ் இல்லாவிட்டால் தூசி உதிர்ந்து விழுந்துவிடும். கிரீஸ் அதைப் பிடித்துப் பிசைந்து உள்ளே அனுப்பும். சுத்தமான, மூடின இடத்தில் சாதாரண அசிடால் அல்லது நைலான் புஷ்ஷுக்கு மாட்டும்போது ஒரே ஒரு தடவை மெலிதாகப் பூசுவது நல்லதுதான். சிலிக்கான் ஸ்பிரே அடித்தால் உடனே வழுக்கும். ஆனால் அது பரவும், பக்கத்தில் பெயிண்ட் அடித்தாலோ பிரிண்டிங் நடந்தாலோ அங்கே போய்க் கண்கண்ணாகப் பூச்சைப் பிளக்கும். பவுச் ஒட்டுகிற இடத்தில் பட்டால் ஒட்டாது. பாலிகார்பனேட், ஏபிஎஸ் உறைகளின் மேல் தின்னரோ துரு நீக்கும் ஸ்பிரேயோ பட்டால் நாள்பட வெடிப்பு விடும். இதெல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

டெஃப்ளானைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். "முழு டெஃப்ளான்ல போட்டுக் குடுத்திருந்தா இந்தப் பிரச்சனையே இல்ல" என்று அந்தக் கம்பெனியில் ஒருவர் சொன்னார். அவர் மட்டுமில்லை, பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒட்டாத தவாவைப் பார்த்து வந்த நம்பிக்கை. டெஃப்ளானை 1938 ஏப்ரலில் அமெரிக்காவில் டூபான்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்தார். உராய்வு அதில் மிகக் குறைவு, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் உராய்வு குறைவாக இருப்பது வேறு, தேயாமல் இருப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் கசடு வருகிறது.

இதற்கு மருத்துவத்தில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்த ஜான் சார்ன்லி, இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1950களின் கடைசியில் எஃகு உருண்டை ஓடுகிற குழிவுக்கு டெஃப்ளானைத்தான் போட்டார். உராய்வு மிகவும் குறைவு என்பதே காரணம். சில வருஷத்திலேயே அந்தக் குழிவுகள் தேய்ந்து, உதிர்ந்த பொடி உடம்புக்குள் கட்டிகளைக் கிளப்பியது. நோயாளிகளுக்கு மறுபடி அறுவை செய்ய வேண்டி வந்தது. 1962 நவம்பரில் அவர் மிக உயர் மூலக்கூறு எடை உள்ள பாலிஎத்திலினுக்கு மாறினார். டெஃப்ளானைவிட அதற்கு உராய்வு கூடுதல், தேய்மானமோ பல மடங்கு குறைவு. அறுபது வருஷம் தாண்டியும், மேம்படுத்தின வடிவத்தில், அதே பாலிஎத்திலின்தான் சென்னை மருத்துவமனைகளில் வருகிறவர்களின் இடுப்பிலும் முழங்காலிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. என் அம்மாவின் முழங்காலிலும் அதுதான். இவ்வளவு பெரிய டாக்டர் தானே பட்டு மாற்றின ஒன்றை, மசாலா பாக்கெட் மெஷினுக்கு நான் மறுபடி ஏன் போட வேண்டும்?

முழு டெஃப்ளானுக்கும் இடம் உண்டு. பெரிய பாலங்களில் தூண் தலைக்கும் கர்டருக்கும் நடுவே பேரிங்குகள் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகையில் டெஃப்ளான் தகட்டின் மேல் பளபளப்பான துருப்பிடிக்காத எஃகுத் தகடு நகரும். வெயிலில் பாலம் நீளும், இரவில் சுருங்கும். அந்த நகர்வு மிக மெதுவானது, ஆகவே தேய்மானம் பெரிதாக இல்லை. டெஃப்ளான் பாரத்தில் பிதுங்கி ஓடிவிடும் என்பதால் தகட்டில் பாதியை எஃகுக் குழியில் புதைத்து வைக்கிறார்கள். மேலே சின்னச் சின்னக் குழிகள் போட்டு, அவற்றில் சிலிக்கான் கிரீஸ் நிரப்புகிறார்கள். மூடின இடம் என்பதால் அங்கே கிரீஸ் சரி. எந்தப் பொருளுக்கும் இப்படி அது வேலை செய்கிற இடத்தைப் பார்த்துத்தான் விதி வகுக்க முடியும். வேகமாக ஓடுகிற ஜாவில் டெஃப்ளானை அசிடாலுக்குள் கலந்துதான் போட வேண்டும். பாரத்தை அசிடால் தாங்கும், படலத்தை டெஃப்ளான் போடும். நான் கொடுத்தது அதுதான்.

நைலானில் ஆபத்து தண்ணீர். நைலான் 6 தண்ணீரில் கிடந்தால் வார்ப்பைப் பொறுத்துத் தன் எடையில் 6 முதல் 9 சதவீதம் வரை குடிக்கும். அசிடால் 1 சதவீதத்தைத் தாண்டாது. குடித்தால் பருக்கும். நீளவாக்கில் சுமார் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புஷ்ஷின் வெளிப்பக்கம் எஃகு ஹவுசிங்கில் இறுகி இருக்கும், அந்தப் பக்கம் பருக்க இடமில்லை. எல்லாம் உள்பக்கமாகத் தள்ளி ஓட்டையைச் சுருக்கும். ஷாஃப்ட்டை இறுக்கிப் பிடித்துவிடும். பாட்டில் கழுவுகிற மெஷின், பால் டிப்போ கன்வேயர் மாதிரி ஈரமான இடத்துக்கு நைலான் புஷ் கேட்டு யார் வந்தாலும் நான் அசிடால்தான் கொடுப்பேன், இல்லாவிட்டால் வேலையே வேண்டாம் என்று திருப்பி அனுப்புவேன். சுவர் மெலிதாக இருந்தால் பருப்பதும் குறைவு, ஆகவே தடித்த சுவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கட்டாயம் நைலான்தான் என்றால் புஷ்ஷில் சாய்வாக ஒரு வெட்டு போட்டு விடுங்கள். பருக்கும்போது அந்த வெட்டு மூடிக்கொள்ளும், ஷாஃப்ட் தப்பிக்கும்.

நம் ஊர் ஐப்பசி, கார்த்திகைக் காற்றிலேயே நைலான் ஈரம் குடிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் தண்ணீர் வந்து, கீழ் ரேக்கில் இருந்த நைலான் ராடு நனைந்தது. வெளியே துடைத்தால் காய்ந்த மாதிரிதான் தெரியும். அப்படிக் குடித்த ராடைக் கடைந்தால் அளவு சரியாக நிற்கும். வாடிக்கையாளர் இடத்தில் சில வாரத்தில் உலர்ந்து சுருங்கி லொடலொடக்கும். அந்த ராடுகளை நான் கடையவே இல்லை. விலைக்கு வாங்கின சரக்கை ஒதுக்கி வைக்க மனசு வராதுதான். ஆனாலும் ஒதுக்குங்கள். நைலான் ராடைப் பரணில் வையுங்கள்.

கிளியரன்ஸ் விஷயத்தில் வெண்கலத்தின் கணக்கைப் பிளாஸ்டிக்குக்குப் போடாதீர்கள். அசிடால் வெப்பத்தில் எஃகைவிட எட்டு ஒன்பது மடங்கு விரியும். வெப்பத்தைக் கடத்துவதிலோ எஃகில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. உராய்வில் பிறந்த சூடு உள்ளேயே தங்கும். கொஞ்சம் தளர்வாகவே விடுங்கள். புஷ்ஷின் இரண்டு வாயையும் உருட்டி விடுங்கள், கூரான ஓரம் படலத்தை வழித்துவிடும். ஜாவைத் தள்ளுகிற இடம் ஷாஃப்ட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு புஷ்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அது தள்ளி இருந்தால், எந்த பிளாஸ்டிக் போட்டாலும் கோணிக்கொண்டு வெட்டும். அப்போது புஷ் செய்தவனைத் திட்டாமல் மெஷின் செய்தவரைக் கேளுங்கள்.

அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து என்னிடம் அதிகம் வருகிற கேள்வி, ஸ்லைடிங் ஜன்னல். அலுமினியத் தண்டவாளம், நைலான் சக்கரம், எங்கள் பக்கத்துத் தூசி. இழுக்க முடியவில்லை என்று தேங்காய் எண்ணெய் விடுகிறார்கள். சில நாள் நன்றாக ஓடும். பிறகு எண்ணெய் சிக்கு பிடித்துத் தூசியோடு சேர்ந்து கறுப்புப் பிசினாகும். சக்கரம் உருள்வதை விட்டுவிட்டு இழுபடும். இழுபடுகிற சக்கரம் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டால் அப்புறம் மாற்றுவதைத் தவிர வழியில்லை. சக்கரம் தண்டவாளத்தில் உருள வேண்டும், வழுக்கக் கூடாது. ஆகவே தண்டவாளத்தில் எதுவும் விடாதீர்கள். பழைய டூத்பிரஷ்ஷால் தூசியை வாரி எடுத்து, ஈரத் துணியால் துடைத்து, காய விடுங்கள். சொட்டு எண்ணெய் விடுவதென்றால் சக்கரத்தின் அச்சில் மட்டும், அதுவும் தையல் மெஷின் எண்ணெய். சக்கரமே இல்லாமல் பிளாஸ்டிக் கட்டையே வழுக்கி ஓடுகிற கொசுவலைச் சட்டமானால் மெழுகுவத்தியை ஒரு இழுப்பு இழுத்தால் போதும். காய்ந்த மெழுகு தூசி பிடிக்காது. அங்கேயும் எமரி வேண்டாம், ஸ்டீல் நாரும் வேண்டாம். அனோடைஸ் பூச்சு போய்விட்டால் அடியில் இருப்பது பச்சை அலுமினியம்.

கடைசியாக, ராடு வாங்குவது. பாரிமுனைப் பக்கம் செம்புதாஸ் தெருவில் நின்று கேட்டால் வெள்ளையாக எதைக் கொடுத்தாலும் அசிடால் என்பார்கள் சிலர், நைலான் என்பார்கள் சிலர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மட்டமான ராடு என்ற பழி உங்கள் மேல் விழக் கூடாதென்றால், வாங்கின ராடில் ஒரு துண்டை எடை போட்டு, டெலிவரி சலானில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். 50 மில்லிமீட்டர் விட்டத்தில் 50 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சுத்தமாகக் கடைந்து நகைத் தராசில் வையுங்கள். நைலானானால் 113 கிராம் அளவில் நிற்கும். அசிடாலானால் 138. டெஃப்ளான் நார் கலந்த அசிடால் 150க்கு அந்தப் பக்கம் போகும். முழு டெஃப்ளான் 216ஐத் தொடும். பாலிஎத்திலினைத் தராசில் வைக்கவே வேண்டாம், வாளித் தண்ணீரில் போட்டால் மிதக்கும். மறுசுழற்சிக் கறுப்பு ராடில் உள்ளே என்ன கலந்திருக்கிறதோ, எடை எங்கேயாவது நிற்கும். அதை ஓடுகிற இடத்தில் போடாதீர்கள். வாடிக்கையாளர் இதையும் நம்பவில்லை என்றால் அதே துண்டைக் கிண்டி சிப்பெட்டில் டெஸ்டிங்குக்குக் கொடுங்கள். 1968இலிருந்து அங்கே இருக்கிறார்கள், அவர்கள் தருகிற ரிப்போர்ட்டை எந்த அக்கவுண்ட்ஸும் தள்ள முடியாது. டெஸ்டிங் கட்டணத்தைக் கொட்டேஷனிலேயே தனி வரியாகப் போட்டுவிடுங்கள், ஹார்டு குரோமுக்குப் பக்கத்தில்.